மணிக்கட்டில் எட்டு எலும்பு

ஐப்பசி 14, செவ்வாய்.

இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் வரும். காலையில் கேரட் தோட்டத்து ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "கட்டைவிரலுக்குக் கீழ ஒரு சின்ன எலும்பு" என்று ஆரம்பித்ததும், "ஸ்கேஃபாய்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க நர்ஸுங்களா?"

"எம்பொண்ணு நர்ஸுங்க" என்றேன். பொய். நர்ஸிங் இரண்டாம் வருஷத்திலேயே படிப்பை நிறுத்தி, நல்ல இடம் என்று அவளை ஸ்ரீமதுரைக்குக் கட்டிக்கொடுத்தது நான்தான்.

படிக்கிற காலத்தில் லீவுக்கு வந்தால் என் மணிக்கட்டை அழுத்தி அழுத்தித்தான் படிப்பாள். "மொத்தம் எட்டும்மா. இது படகு மாதிரி, ஸ்கேஃபாய்டு. இது பிறைநிலா மாதிரி, லூனேட். 'ஃபா'ன்னா காத்து வரணும், சொல்லு." அடுப்பு வேலை கெடுகிறதே என்று கையை உதறிக்கொள்வேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். "ஸ்கேஃபாய்டு உடைஞ்சிருச்சு கண்ணு" என்றேன்.

 மெதுவாக, மீதி ஏழு எலும்பின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷம். ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை.