எண்பத்தேழரை நாள்

உ

கும்மிடிப்பூண்டி
1-4-1974

செல்ல மகள் சந்திரகலாவுக்கு உன் சித்தப்பா செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கிற ராஜாவோ ராணியோ அதுவும், நாக்பூரில் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே சகலரும் சுகம் என்று வழக்கம்போல் எழுத இந்தத் தடவை கை வரவில்லை, முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். சனிக்கிழமை நான் அடித்த தந்தி வந்து சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வராதே விவரம் கடிதத்தில் என்று மட்டும்தான் அடித்தேன், அதைப் பார்த்து நீ என்னென்ன நினைத்து அழுதாயோ தெரியாது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. உன் அம்மாவுக்கு அம்மா வார்த்திருக்கிறது. சின்னம்மைதான். பத்து நாள் முன்புதான் இந்தச் சித்தப்பன் இனி பயமே இல்லை புறப்பட்டு வா என்று உனக்கு நாலு பக்கம் எழுதினான், இந்த வாரம் வராதே என்கிறான், இவனுக்குப் பித்தா என்று நீ கேட்பாய். அதைத்தான் ஒளிக்காமல் எழுதப் போகிறேன்.

உன் தங்கை ரத்னாவுக்கு மார்ச் பதினோராம் தேதி முத்து போட்டதும் மூன்று தண்ணீர் ஊற்றி அம்மாளை வழியனுப்பியதும் உனக்குத் தெரியும். அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண்ணிடமிருந்து வந்தது. அந்தப் பெண் கடைசியாக வந்த நாள் பிப்ரவரி இருபத்தைந்து, இரண்டு பேரும் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றிருக்கிறார்கள். ஆக நம் குழந்தைக்குப் பதினாலு நாளில் வந்தது. இது வரைக்கும் சரி. அதற்கு மேல் நான் யோசித்தேன், அங்கேதான் வந்தது வினை. அம்மை உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிகிற வரைக்கும் இருக்கிற நாள் எல்லா உடம்புக்கும் ஒன்றாகவா இருக்கும். குழந்தை உடம்பு ஒற்றை அறை வீடு, அம்மாள் நுழைந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வயதானவர் உடம்பு நாலு கட்டு வீடு, ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துத்தானே வருவாள். ஆள் வரவுக் கார்டு பார்க்கிற என் கம்பெனி டைம் ஆபீசில் இதைச் சொன்னபோது இஞ்சினியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உடனே முறைக் கணக்குப் போட்டேன். எட்டு வயதுக்குப் பதினாலு நாள் என்றால் ஐம்பது வயதான உன் அம்மாவுக்கு எத்தனை நாள். எண்பத்தேழரை நாள். ஐம்பத்து நாலு வயதான எனக்குத் தொண்ணூற்று நாலரை. வீட்டில் பெரியவர்களுக்கு வருவதாக இருந்தாலும் ஜூன் மாதம் ஆகிவிடும், அதற்குள் நீ வந்து ஏப்ரல் கடைசியில் பிள்ளை பெற்றுக் குளித்தும் எழுந்துவிடுவாய் என்று கணக்கு அவ்வளவு அழகாக வந்தது. அதை நம்பித்தான் உனக்கு வா என்று எழுதினேன்.

உன் சித்தி சம்பூர்ணம் அப்போதே கேட்டாள். இன்னா மனுசன் நீ, எட்டாங்கிளாசு தாண்டாத ஆளு அம்மாளுக்கே தேதி குறிச்சிக்கினு உக்காந்துகிறியே, அவ இன்னா உன் கம்பெனி கார்டுல கையெழுத்துப் போட்டுட்டா வருவா என்றாள். பொம்பளைக்குக் கணக்கு தெரியாது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். கார்டில் கையெழுத்துப் போடாமலே அம்மாள் வந்துவிட்டாள். ரத்னாவுக்குப் போட்ட நாளிலிருந்து சரியாகப் பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, அண்ணி முதுகு வலிக்கிறது என்று வெயில் நேரத்தில் படுத்தாள். உன் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் சம்பூர்ணம் விளக்கு வைக்கப் போனவள் திரும்பி வந்து நேரே வேப்பிலை ஒடிக்கப் போனாள். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

சனிக்கிழமை காலையில் ஜீப்பில் லேடி டாக்டர் ஆரோக்கியமேரி அம்மா வந்தார். இப்போது யாருக்கு எந்த அம்மை போட்டாலும் பெரியம்மையா என்று சர்க்காரில் நேரில் வந்து பார்த்துவிடுகிறார்கள். அம்மாள் வந்த வீட்டுக்குள் டாக்டரா என்று சம்பூர்ணம் தடுத்தாள், நான்தான் வாதாடி உள்ளே விட்டேன். சின்னம்மைதான் என்று உறுதி சொன்னார். சும்மா இருப்பேனா, என் கணக்கை அவரிடம் எடுத்து விட்டேன், நாலு கட்டு வீட்டையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெரியவரே உங்க பேச்சு பூராவும் பொய்யுமில்ல, வயசானவங்களுக்கு ரெண்டொரு நாள் தள்ளி வர்றத நானும் பாத்திருக்கேன், ஆனா அது அப்படிப் பெருகிக்கிட்டே போகாது, எந்த வயசா இருந்தாலும் பத்து நாளிலிருந்து மூணு வாரத்துக்குள்ள வந்துரும், வயசு காட்டுற வித்தியாசம் எல்லாம் வந்த பிறகுதான், பிள்ளைக்கு விளையாட்டாப் போறது பெரியவங்களைக் கீழே தள்ளிரும் என்றார். ரத்னா எட்டாம் நாள் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடினாள். உன் அம்மாவுக்கு இன்றைக்கு நாலாம் நாள், எழுந்து உட்கார இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் காய்ச்சல் நேற்றிலிருந்து தணிகிறது, இளநீர் இறங்குகிறது, பயப்படாதே.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்று சொன்னார், அதுதான் எனக்கு மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. முத்து வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அது அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடுமாம். யோசித்துப் பார் மகளே. அந்தப் பதினெட்டு நாளும் உன் அம்மா நெல் அவித்தாள், ரத்னாவுக்குத் தலை வாரினாள், உனக்குக் கொடுத்தனுப்ப அரிசி வடகம் பிழிந்தாள். முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. என் கடிதத்தைப் பார்த்ததும் நீ புறப்பட்டு இருபத்தேழாம் தேதி வந்து இறங்கியிருந்தால் அவள் ஓடி வந்து உன்னைக் கட்டிப் பிடித்திருப்பாள், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் ஏப்ரல் பதினாலாம் தேதிக்கு டிக்கெட் போட்டதுதான் உன்னைக் காப்பாற்றியது, என் கணக்கு இல்லை. பிரசவ சமயத்தில் தாய்க்கு வந்தால் பிறக்கிற சிசுவுக்குப் பெரிய ஆபத்து என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார். உனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று கேட்டார். உனக்கு மூன்று வயதில் ஏதோ போட்டது, அது சின்னம்மையா மணல்வாரியா என்று உன் அம்மாவுக்கும் நினைவில்லை எனக்கும் நினைவில்லை. அண்ணன் இருந்தால் சொல்லியிருப்பார். அம்மை வராதவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கணக்கில் என்னைச் சேர்த்துக்கொண்டாலும், எனக்கு எப்போதோ வந்து போய்விட்டது என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பூர்ணத்துக்கு நெற்றியில் தழும்பு இருக்கிறது, அவள் தப்பித்தாள். என் உடம்பில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆகவே நானும் வரிசையில் நிற்கிறவன்தான், கம்பெனியில் மூன்று வாரம் கேட் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார்கள். நான் இல்லாமல் ஷிப்ட் மாறுவதே தடுமாறுகிறதாம். எனக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் வீடு முழுக்கத் தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம், தண்ணீர் ஊற்றியது ரத்னாவுக்கு மட்டும்தானே. அதனால் நீ இந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. நேரே மெட்ராஸ் போய் இறங்கு, பெரம்பூரில் மாப்பிள்ளையின் அக்கா கெங்கம்மாள் வீட்டில் தங்கிப் பிரசவம் பார்த்துக்கொள். அவர்களுக்கும் எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியும் அங்கே பக்கம். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய் வீடு இல்லை என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும், அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, எம்பொண்ணு வலியில அம்மான்னு கத்தறப்ப நான் இங்க வேப்பிலையில படுத்துக்கினு இருக்கணுமா கொய்ந்தனாரே, எட்ட நின்னாவது அவ மூஞ்சியப் பாத்துட்டா போதும் என்றாள். இன்று காலையில் டாக்டரம்மாவின் ஆபீசுக்குப் போய்த் தெருவிலேயே நின்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் உன் அம்மாவுக்குப் பொருக்கு எல்லாம் உதிர்ந்துவிடும், ரயிலேறி உன்னிடம் வர உடம்பு தேற இன்னும் ஒரு மாதம் ஆகும், ஆனால் திறந்த வெளியில் தூர நின்று பார்த்தால் தோஷமில்லை என்றார்.

ஆகையால் கவனமாகக் கேள். பதினைந்தாம் தேதி காலையில் உன் வண்டி நம் ஊர் வழியாகத்தான் மெட்ராஸ் போகும். தடா, ஆரம்பாக்கம், எளாவூர் தாண்டியதும் இடது கைப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொள். லைனை ஒட்டி நம் கழனி வரும், அறுத்துவிட்டதால் வெட்டவெளியாக இருக்கும். நடு வரப்பில் உன் அம்மா மஞ்சள் புடவையில் நிற்பாள், பக்கத்தில் நான் நிற்பேன். டிரைவர் எனக்கு வேண்டியவர், என்னைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பார் என்று இந்த இடத்தில் எழுத வந்தேன். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. வண்டி அதன் வேகத்தில்தான் போகும், நாங்கள் உன் கண்ணில் படுவது மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம்தான். எது உன் பெட்டி என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் வெள்ளைத் துண்டு ஒன்றை ஜன்னலில் பிடித்துக்கொள். எட்டிப் பார்க்காதே, எழுந்து நிற்காதே, வயிற்றில் அடி பட்டுவிடும். துண்டு தெரிந்தால் அவளுக்குப் போதும்.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம். நீ நல்லபடியாகப் பெற்று எழுந்து நூறு வயது வாழ இந்த வீட்டில் எல்லாருடைய ஆசியும். உன் அம்மா இப்போது விழித்திருக்கிறாள், இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், இடது கைப் பக்கம் என்பதை இன்னொரு தடவை எழுதச் சொல்கிறாள். இடது கைப் பக்கம்.

இப்படிக்கு
உன் நலம் ஒன்றையே வேண்டும்
சித்தப்பா மு. செங்கல்வராயன்