மடிப்பிள்ளைக்கு டிக்கெட் இல்லை

786

பரங்கிப்பேட்டை
14-9-1969, ஞாயிற்றுக்கிழமை

அருமை மகன் லியாக்கத் அலிக்கு உன் உம்மா ஆசியா உம்மாள் எழுதிக்கிறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் அல்லாஹ் உதவியால சுகமா இருக்கோம், என் முழங்கால் ஒண்ணுதான் சொன்ன பேச்சு கேக்கிறதில்லை, மத்தபடி குறை இல்லை. நீயும் சலீமாவும் பிள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூரில நோய்நொடி இல்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேட்டுட்டுத்தான் முசல்லாவைச் சுருட்டுறேன். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்துது. வாப்பா மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் உடைஞ்சு கடலூருக்கு ரிப்பேருக்குப் போயிருக்கு, அதனால நான்தான் சத்தமா படிச்சுக் காட்டினேன். டிசம்பர்ல பள்ளிக்கூடம் லீவு விடுறாங்க, நோன்புப் பெருநாளுக்கு வரலாம்னு யோசனை, பிள்ளைங்க மெட்ராஸ் பொருட்காட்சியைப் பார்க்கணும், பெரிய ராட்டினத்துல ஏறணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்கன்னு எழுதியிருந்தே, அது வரைக்கும் படிச்சேன். அதுக்குக் கீழே செலவுக் கணக்கைப் போட்டு, இந்த வருஷம் தோதுப்படாது போல இருக்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்னு கடைசியா எழுதியிருந்தியே, அந்த வரியைப் படிக்கலை. அவ்வளவுதானான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்னு சொல்லி மடிச்சு வச்சுட்டேன். பொய்தான் சொன்னேன், என்ன செய்யச் சொல்றே, ஏழு வருஷமா அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு படிச்சுக் காட்டி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. மறுநாளே உன் வாப்பா கடைத்தெரு முழுக்க மவன் வர்றான்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. இனிமே என் பொய்யை நீதான் மெய்யாக்கணும்.

நீ போட்ட கணக்கு கணக்கே இல்லை. நாலு பேரும் மெட்ராஸ்ல இறங்கி, மண்ணடியில லாட்ஜ் எடுத்து நாலு நாள் தங்கி, டாக்சி வச்சு ஊரெல்லாம் சுத்தி, ஓட்டல்ல சாப்பிட்டு, அப்புறம் ரயில் பிடிச்சு இங்கே வர்றதாம், நீ என்ன நவாப் வீட்டுப் பிள்ளையா? உம்மா சொல்றதைக் கேளு. கப்பல் மெட்ராசுக்கு முன்னாடியே நாகப்பட்டினத்துல நிக்கும், அங்கேயே இறங்கிடு, பாசஞ்சர் ரயிலைப் பிடிச்சா சிதம்பரம் தாண்டினதும் நம்ம ஸ்டேஷன் வந்துடும். சலீமாவுக்குக் கப்பல்ல குமட்டும், கேபின் வேணும்னு எழுதியிருக்கே. குமட்டல் கேபினுக்கு உள்ளேயும்தான் வரும் தம்பி. டெக் டிக்கெட்டே எடு, மேலே காத்தாவது வரும். காஞ்ச எலுமிச்சங்கா ஊறுகாயும் சுக்கும் கையில வச்சுக்கட்டும். நம்ம ஊரு ஜனம் அத்தனையும் டெக்குல படுத்துப் போயித்தான் வீடு கட்டியிருக்கு, உங்களுக்கு மட்டும் என்ன?

மெட்ராசுக்கு வழி நான் பார்த்துட்டேன். புவனகிரி கோவிந்தசாமின்னு ஒருத்தர், வருஷா வருஷம் இந்தப் பக்கத்து ஜனங்களை எல்லாம் சேர்த்து டூரிஸ்ட் பஸ் ஒண்ணு விடுறாரு. ராத்திரி சாப்பிட்டுட்டு ஏறினா விடியக்காலம் மெட்ராஸ். காலையில உயிர்காலேஜுல புலி சிங்கம், மத்தியானம் செத்தகாலேஜு மியூசியம், அப்புறம் பீச்சு, பொழுது சாஞ்சதும் பொருட்காட்சி. ராட்டினம் எத்தனை தடவை வேணும்னாலும் ஏறட்டும், பத்து மணிக்குத் திரும்ப பஸ்ஸுல ஏறினா லாட்ஜும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். ஆளுக்கு பன்னெண்டு ரூபா, பிள்ளைங்களுக்குப் பாதி, மடிப்பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. சாப்பாடு நான் கட்டிக்கிறேன், புளிச்சோறும் கறி வறுவலும் அவிச்ச முட்டையும். பொருட்காட்சிக்கு உள்ளே எதை வாங்கினாலும் ஒண்ணுக்கு மூணு விலையாம், போன வருஷம் போயிட்டு வந்த பக்கத்து வீட்டு சைதுன் பீவி ஒரு அப்பளத்துக்கு அழுத காசை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கா. தண்ணிக்கு எங்கிட்ட பெரிய கூஜா இருக்கு. கோழி முட்டை வித்த காசு ஓவல்டின் டின்னுல அறுவத்திரெண்டு ரூபா சேர்ந்திருக்கு, பஸ் டிக்கெட் என் செலவு, நீ அதுல கை வைக்கக்கூடாது. வாப்பா மட்டும், எனக்குத் தலை சுத்தும் நான் வரலைன்னாங்க. நீங்க ராட்டினத்துல ஏறவேணாம், கீழே நின்னு செருப்பைப் பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டேன்.

இப்ப பெரிய செலவுக்கு வர்றேன். உன் கணக்குல கப்பல் டிக்கெட்டை விட ஜாஸ்தியா இருக்கிறது பெட்டிச் சாமான்தான். நீ அதை ஒரே வரியில எழுதிட்டே, ஆனா நீ ஏழு வருஷமா வராததுக்குக் காரணம் அதுதான்னு எனக்குத் தெரியாதா? கடல் தாண்டி சபர் போனவன் வெறுங்கையோட வரக்கூடாது, தெருவுல ஒரு வீடு விடாம சோப்பும் சென்டும் கைலியும் டார்ச் லைட்டும் குடுத்தாகணும், ஒரு வீடு விட்டுப்போனா மூணு தலைமுறைக்குப் பேச்சு நிக்காது. பின்தெரு ரஹ்மத்துல்லா போன வருஷம் வந்து அறுவது வீட்டுக்குச் சாமான் குடுத்துட்டு, திரும்பிப் போக டிக்கெட்டுக்கு இல்லாம கைக்கடியாரத்தை வித்துட்டுப் போனான், வாங்கினதுங்க ஒண்ணாவது கப்பலேத்த வந்துச்சா? அதனால நான் ஒரு காரியம் செஞ்சுட்டேன், கோவிச்சுக்காதே. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுல பொம்பளைங்க அத்தனை பேரும் உக்கார்ந்திருக்கையில, என் மவன் வர்றான், ஆனா பெட்டி கொண்டு வரமாட்டான், யாரும் எதிர்பார்க்காதீங்கன்னு சொல்லிட்டேன். ஒருத்தி கேட்டா, ஏன் வியாபாரம் நொடிச்சுப் போச்சான்னு. ஆமா நொடிச்சுப் போச்சு, போதுமான்னு சொன்னேன். அதோட பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. நல்லா இருக்கிற பிள்ளையை வாயால நொடிக்க வச்சுட்டோமேன்னு வீட்டுக்கு வந்ததும் ரெண்டு ரக்அத் தொழுதேன். ஆனாலும் காரியம் முடிஞ்சுது பாரு, இனி நீ ரெண்டு சட்டையோட வந்து இறங்கலாம். வெக்கம் என்னோட போகட்டும்.

அதுக்கு முந்தி வியாழக்கிழமைதான் பஸ்ஸுக்குப் பேரு குடுத்தது. கோவிந்தசாமி நம்ம தெருவுக்கே நோட்டுப்புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. பேரன் பேரு என்னான்னு கேட்டாரு, நான் முழிச்சேன். உன் பிள்ளைக்கு உன் வாப்பா பேரை வச்சுட்டே, நான் எப்படி வாயால சொல்லுவேன்? என்னம்மா பேரன் பேரே மறந்துபோச்சான்னு கேலி பண்றாரு, கடைசியில சைதுன் பீவி சிரிச்சுக்கிட்டே அப்துல் ஜலீல்னு சொன்னா. வயசு எட்டு, பாதி டிக்கெட். பேத்தி ஜொகரான்னு அடுத்தாப்புல சொன்னேன். எத்தனை வயசுன்னாரு. அவ மடிப்பிள்ளை, நான் மடியிலயே வச்சுக்குவேன்னேன். அவரும் மடின்னு எழுதிக்கிட்டாரு. மூணு வயசுக்கு உள்ளே இருந்தாத்தான் மடியாம், அதையும் சொன்னாரு, நானும் தலையை ஆட்டினேன். ஆறு ரூபா மிச்சம் பிடிச்சுட்டோம்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

நேத்து, சனிக்கிழமை, ஜொகராவுக்குச் சட்டை தச்சுக்கிட்டிருந்தேன். வாப்பா கடலூர் பழைய பட்டணத்துல பூப்போட்ட துணி ரெண்டு கெஜம் வாங்கிட்டு வந்திருந்தாங்க. அளவுக்கு சைதுன் பீவியோட பேத்தியை வச்சுக்கிட்டேன், இடுப்புல உக்கார்ற குழந்தை, நீ அனுப்பின போட்டோவுல ஜொகரா அந்த அளவுதான் இருந்தா, சலீமா கையில உக்கார்ந்துக்கிட்டு ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கிட்டு. வாப்பா சட்டையைத் தடவிப் பார்த்துட்டு யாருக்குன்னாங்க. ஜொகராவுக்குன்னேன். இது அவளுக்குக் கைக்குத்தான் வரும்னாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு, கண்ணாடி இல்லாம என்ன அளவு பார்க்கிறீங்கன்னு எகிறினேன். அவுங்க கோவப்படலை. பிள்ளை பொறந்த தந்தி எப்ப வந்துதுன்னு கேட்டாங்க. ரஜபு மாசம்னேன். எந்த ரஜபுன்னாங்க. தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போச்சே, அதுக்கு ஒரு மாசம் முந்தின ரஜபு. சொல்லும்போதே எனக்கு விளங்கிப்போச்சு. விரலை விட்டு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். நீங்க வரும்போது அவளுக்கு அஞ்சு முடிஞ்சிருக்கும். போட்டோ வந்ததே மூணு வருஷத்துக்கு முந்தி.

உன் கடிதம் ஒவ்வொண்ணுலயும் அவ நடக்கிறா, பேசுறா, ஓதப் போறான்னு நீ எழுதிக்கிட்டுத்தான் இருந்திருக்கே. எல்லாத்தையும் படிச்சேன், சந்தோஷப்பட்டேன், படிச்சு முடிச்சுட்டுப் போட்டோவைப் பார்த்தேன், அவ்வளவுதான், திரும்பவும் ஒண்ணரை வயசுப் பிள்ளை. அவளை நான் வளர விடவே இல்லை போல. தச்ச சட்டையை வச்சுக்கிட்டு அழுதேன் தம்பி, மறைக்க மாட்டேன். மடியில போட்டுக்கிற வயசு, தோள்ல தூங்குற வயசு, சோறு ஊட்டுற வயசு எல்லாம் அங்கேயே முடிஞ்சுபோச்சு, ஒரு நாள் கூட எனக்கு இல்லை. பெரியவனையாவது ஒரு வருஷம் இடுப்புல வச்சிருந்தேன். இவளை நான் தொட்டதே இல்லை. இன்னிக்குக் காலையிலயே கோவிந்தசாமிக்கு ஆள் அனுப்பி மடியை அடிச்சுட்டுப் பாதி டிக்கெட் எழுதச் சொல்லிட்டேன். அதுக்குள்ள வளர்ந்துட்டாளான்னு கேட்டாராம். ஆமா வளர்ந்துட்டான்னு போய்ச் சொல்லச் சொன்னேன்.

அதனாலதான் இன்னிக்கே உக்கார்ந்து எழுதுறேன். இன்னொரு அடுத்த வருஷம் வேணாம். நான் சொன்ன வகையில எல்லாம் மிச்சம் பிடிச்சும் பத்தலைன்னா மெட்ராசையே விட்டுடு. மார்கழியில சிதம்பரத்துல தேர் வரும்போது தேரடி ஓரமா ராட்டினம் போடுவாங்க, கையால தள்ளுற ராட்டினம்தான், நாலு பெட்டி, பத்து காசு, சின்னதா இருந்தாலும் பிள்ளைங்க கத்துற கத்து ஒண்ணுதான். பிச்சாவரத்துல படகு ஓட்டுற தங்கராசு உன்னோட படிச்சவன்தானே, காசு வாங்க மாட்டான். அதுக்கும் முடியலைன்னா எங்கேயும் போகவேணாம், வந்து வீட்டுல இருங்க, நான் முறத்துல வச்சுச் சுத்துறேன். இன்னொண்ணும் சொல்லிடுறேன், மெட்ராஸ்ல நாலு நாள் தங்கவேணாம்னு நான் சொன்னதுல காசு பாதிதான். அந்த நாலு நாளும் எனக்கு வேணும்கிற ஆசை மீதி. நீ எழுதியிருந்தபடி சலீமாவோட உம்மா வீட்டுக்கு மூணு நாள் போறதை நான் குறை சொல்லலை, அவுங்களும் பெத்தவங்கதான்.

கப்பல்ல பிள்ளைங்களைக் கம்பிக்கிட்ட விடாதே. பணம் இருக்கிற பையை சலீமா இடுப்புல கட்டிக்கட்டும், உன் சட்டைப்பையில வேணாம், நீ தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டே. நோன்பு பிடிக்க முடிஞ்சா பிடி, பயணத்துல விட்டா பிறகு கணக்கு வச்சுப் பிடிச்சுக்கலாம். வாப்பா உங்க எல்லாருக்கும் சலாம் சொல்லச் சொன்னாங்க, நாளைக்கு ஒருதரம் கண்ணாடி வந்துடுச்சான்னு பார்க்க கடலூர் போறாங்க, வந்துட்டா உன் கடிதத்தை வாங்கித் தானே படிப்பாங்க, அதுக்குள்ள நான் அதை எங்கே ஒளிச்சு வைக்கிறதுன்னு தெரியலை. சீக்கிரமா நல்ல பதில் ஒண்ணு போட்டு என்னைக் காப்பாத்து. உனக்கும் சலீமாவுக்கும் பேரனுக்கும் பேத்திக்கும் அல்லாஹ் நீண்ட ஹயாத்தையும் பரக்கத்தையும் குடுக்கட்டும், உங்க காலடி கரையில படுற வரைக்கும் கடல் பொறுமையா இருக்கட்டும்.

பதிலை ஏரோகிராம்ல எழுதாதே, அதுக்குள்ள எதையும் வைக்கக்கூடாதாம். கவர்ல போடு. ஜொகராவைச் செருப்பில்லாம செவுத்தோட நிக்க வச்சு, உச்சந்தலையிலேருந்து குதிகால் வரைக்கும் ஒரு நூலால அளந்து, அந்த நூலை மடிச்சு உள்ளே வச்சு அனுப்பு. ஸ்டாம்பு காசு ஜாஸ்தி ஆகும். ஆகட்டும், அதுல மட்டும் மிச்சம் பிடிக்காதே.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் உம்மா
ஆசியா உம்மாள்