கன்றின் நெற்றியில் வைத்த கை

1936 தை 19, ஞாயிறு

இன்று நெடுந்தீவின் சரித்திரமே திரும்பிப் படுத்துவிட்டது. என் மார்கிரட் அக்காவின் மகள் மதலேனாவைத் தன் மகனுக்குக் கேட்டுப் பஸ்தியாம்பிள்ளை ஆள் அனுப்பியிருக்கிறார். அவருடைய மாடுகள் எல்லாம் ஒரேயடியாக மேற்கே நடந்தால் இந்தத் தீவு சரிந்து கடலுக்குள் இறங்கும். மகன் லூக்காசுக்கு ஊர்காவற்றுறைக் கந்தோரில் கிளாக்கர் வேலை, ஓட்டு வீடு. சீதனம் ஒரு சதமும் வேண்டாமாம். தகப்பன் இல்லாத பிள்ளை, வயது இருபத்து நாலு, அக்காவிடம் கொடுக்க நாலு பனையும் ஒரு கிழட்டு ஆடும்தான் உண்டு. பேசி முடித்தது யார்? தாய்மாமனாகிய மனுவேற்பிள்ளை. என் நாவன்மைக்கு அரண்மனைகளே பணிந்திருக்கும், அருகில் ஒன்றும் இல்லாதபடியால் தப்பின.

தை 26

பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போனோம். கிராமபோன் வைத்தார்கள். மதலேனா கதிரையின் நுனியில் இருந்து, பாட்டு முடிந்ததும், "இன்னொருக்கால் வைப்பியளோ?" என்று கேட்டாள். மூன்று தரம் வைத்தார்கள். அவர்கள் கொடுத்த பட்டுச் சீலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். லூக்காசும் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினான், நல்ல பெடியன்தான். புது கிராமபோன் வாங்கியதும் பழையதை எனக்குத் தருவதாகப் பஸ்தியாம்பிள்ளை சொன்னார். அதை வைக்க வீட்டில் இடம் பார்த்துவிட்டேன்.

மாசி 26, விபூதிப் புதன்

நான் மண் என்று குருவானவர் நினைவுபடுத்தினார். தபசு காலத்தில் கலியாணம் இல்லை. பாஸ்கு கழிந்த மறு கிழமை தாலி. அதுவரை மண்ணாகவே இருக்கிறேன்.

பங்குனி 14

ஒரு கன்றால் வந்த வினை.

போன ஐப்பசியில் அயல்வீட்டுப் பார்வதிப்பிள்ளையின் கடைசிப் பசு கிணற்றடியில் கன்று போட்டுச் செத்தது. தண்ணிக்குப் போன மதலேனாதான் கன்றை இழுத்தெடுத்தவள். வேறு ஒருவரும் பார்க்கவில்லை. பார்வதிப்பிள்ளை கஞ்சித்தண்ணி பருக்கிப் பார்த்தா. கன்றோ பசியில் ஓடிப்போய்ப் பஸ்தியாம்பிள்ளையின் பசு ஒன்றோடு ஒட்டிக்கொண்டது. வாற சனிக்கிழமை ஊர் மாடுகளைப் பட்டியில் அடைத்துக் குறிசுடும் நாள். குறி இல்லாத கன்று எந்தப் பசுவில் பால் குடிக்கிறதோ, அந்தப் பசுவின் சொந்தக்காரர்தான் தன் குறியைச் சுடுவார். தெரிந்தவர் யாராவது கன்றின் நெற்றியில் கை வைத்து வேறு ஆளுடையது என்று சொன்னால் மட்டும் அது மாறும். அதற்குப் பிறகு ஒருவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பஸ்தியாம்பிள்ளை வந்து கதிரையில் இருந்தார்.

"மனுவேல், பார்வதிப்பிள்ளை நாலு பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளன் எண்டிட்டா. கன்று எனக்குப் பெரிசில்லை. ஆனால் பட்டியிலை என்ரை சொல் கீழை விழ ஏலாது. உம்மடை மருமகளைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. அண்டைக்குத் தலையிடி எண்டு வீட்டிலை இருக்கட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆதாமின் காலத்திலிருந்து இவ்வளவு சின்னப் பாவத்துக்கு இவ்வளவு பெரிய ஓட்டு வீட்டை யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பங்குனி 16

மதலேனா குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையிடியின் மகிமைகளைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். தலையிடியால் இராச்சியங்கள் தப்பியிருக்கின்றன என்றேன்.

"மாமா, எனக்குத் தலையிடி இல்லை."

"வரும், பிள்ளை. ஒரு நாளைக்குத்தானே."

"பூசையிலை நாக்கிலை ஆண்டவரை நன்மையாய் வாங்கிறன். பேசாமல் இருக்கிறதும் அதே நாக்குத்தானே?"

"ஏன், அந்தக் கிராமபோன் உனக்குப் பிடிக்கேல்லையோ?"

அரிவாளை நிறுத்தினாள். "பிடிக்கும் மாமா. நல்லாப் பிடிக்கும். நித்திரையிலும் அந்தப் பாட்டுத்தான் கேக்குது. அவரையும் பிடிச்சிருக்கு." பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே, "அதுதான் பயமாய் இருக்கு. இவ்வளவு பிடிச்சால் நான் என்னவும் செய்வன் போலை கிடக்கு," என்றாள்.

மீன் கழுவ நானே தண்ணி அள்ளிக் கொடுத்தேன். இதுவும் சரித்திரத்தில் பதிய வேண்டியது.

பங்குனி 20

அக்கா என்னோடும் பேசவில்லை, மகளோடும் பேசவில்லை. மூன்று பேர் உள்ள வீட்டில் ஆடு மட்டும் கத்துகிறது.

பங்குனி 21, சனி

போனாள்.

பட்டியைச் சுற்றிய கல்மதிலில் தீவு முழுவதும் ஏறி நின்றது. பெண்கள் உள்ளே போவதில்லை. இவள் மதிலின் இடைவெளியால் நுழைந்து, புழுதிக்குள்ளே நேராகக் கன்றிடம் நடந்தாள். பஸ்தியாம்பிள்ளையின் இரும்பு நெருப்பில் பழுத்துக் கிடந்தது. லூக்காஸ் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றான். அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கன்றின் நெற்றியில் கை வைத்தாள்.

"இது பார்வதி அக்காவின்ரை. நான்தான் இழுத்தெடுத்தனான்."

குரல் நடுங்கவில்லை. நூறு பீரங்கி முழங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் ஒரு மாடுகூடக் கத்தவில்லை. பஸ்தியாம்பிள்ளை இரும்பைப் புழுதியில் போட்டுவிட்டு வெளியே நடந்தார். லூக்காஸ் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு அவனும் போனான்.

என் பக்கத்தில் மதிலில் இருந்த கதிர்காமு, "உம்மடை மருமகளோ அண்ணை?" என்று கேட்டான். தெரிந்துகொண்டே கேட்கிறான்.

"ஓம்," என்றேன். "என்ரை மருமகள்."

பங்குனி 24

சம்பந்தம் இல்லை என்று பஸ்தியாம்பிள்ளை ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். பட்டுச் சீலையை மதலேனாவே மடித்துக் கொடுத்தாள். மடிக்க நீண்ட நேரம் எடுத்தாள். அக்கா அழுதா. நான் வீட்டின் பின்பக்கம் போய் அந்தக் கிராமபோனுக்காக அழுதேன். கிராமபோனுக்காகத்தான் — வேறு எதற்கு?

சித்திரை 12, பாஸ்கு ஞாயிறு

பூசையில் அவள் நன்மை வாங்கித் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தேன். இராசாத்திகளை நான் கண்டதில்லை, கண்டதாகப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இனி அவர்களைப் பற்றிச் சொல்லும்போது இந்த முகத்தைத்தான் வைப்பேன்.

புரட்டாதி 6

போன மாதம் கன்று செத்த என் பசுவின் பின்னால் இன்று ஒரு செங்கன்று வந்து நிற்கிறது. வால் நுனி வெள்ளை. குறி இல்லை. பசு பாலும் கொடுக்கிறது.

"மாமா, இது ஆரின்ரை கன்று?"

"மோட்சத்திலையிருந்து ஒரு சம்மனசு கொண்டுவந்து விட்டது, பிள்ளை."

மதலேனா கன்றின் வாலைப் பார்த்தாள். பனையோலையை எடுத்துக்கொண்டு பெட்டி இழைக்கப் போய்விட்டாள்.

கார்த்திகை 15

கதிர்காமு வந்தான். வால் நுனி வெள்ளையான கன்றைக் கண்டீரோ என்று கேட்டான். இந்தத் தீவில் வால் நுனி வெள்ளையான கன்றுகள் ஆயிரம் உண்டு என்றேன். ஆயிரம் இல்லை. ஒன்றுதான்.

1937 தை 24

லூக்காசுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம். மதலேனா அன்றைக்கு இரண்டு பெட்டி கூடுதலாக இழைத்தாள். பசுவின் பக்கத்தில் கன்று நன்றாகக் கொழுத்திருக்கிறது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பங்குனி 20, சனி

குறிசுடும் நாள். என் கன்றின் முறை வந்தது. கதிர்காமு கிட்ட வந்து வாலைப் பார்த்தான். "என்ரை போலைதான் கிடக்கு. ஆனால் துணிஞ்சு சொல்ல ஏலாது," என்றான்.

மதிலில் இருந்து யாரோ, "மதலேனாவைக் கேளுங்கோ," என்றார்கள். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். பார்வதிப்பிள்ளை சொன்னா. பஸ்தியாம்பிள்ளையின் ஆட்களும் சொன்னார்கள். "அவள் சொன்னால் சரி."

அவள் உள்ளே வந்தாள். கன்றைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. போன வருசம் இரும்புக்கு முன்னால் நின்ற அதே முகம்.

போன வருசம் மாப்பிள்ளையை இழந்த பிள்ளை, இனி மாமனையும் இழக்க வேண்டுமோ?

அவள் கை நீட்டுவதற்கு முன் நான் கன்றின் நெற்றியில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

"கதிர்காமு, இது உம்மடை. நான் களவாய் வைச்சிருந்தனான்."

என் ஆயுளில் பேசிய மிகச் சிறிய பேச்சு. ஒன்றும் சேர்க்கவில்லை. கதிர்காமு கன்றின் முதுகைத் தடவிப் பார்த்தான். "நல்லாய்த்தான் வளர்த்திருக்கிறியள் அண்ணை," என்று சொல்லிக் கயிற்றை வாங்கினான்.

வீட்டில் பசு கன்றைத் தேடிக் கத்துகிறது. திரும்பி வரும் வழியில் மதலேனா என் பக்கத்தில் நடந்தாள். பிறகு தலைச்சீலைக்குள் சிரிப்பது தெரிந்தது.

"மாமா, சம்மனசு திரும்பிப் போயிட்டுதோ?"

"ஓம் பிள்ளை," என்றேன். "குறி சுட்டு அனுப்பியாச்சு."