கண் டெஸ்டும் லாரிச் சாவியும்

அப்பா,

எழுந்ததும் திட்டத் தொடங்காமல் முதலில் இதைப் படியுங்கள். உங்களுக்காகவே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவித்த முட்டை வெள்ளைத் தட்டில் இருக்கிறது. தெரியாவிட்டால் தடவிப் பாருங்கள்.

லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க இன்று பதினோரு மணிக்குக் கண் டெஸ்ட். டாக்டர் படிக்கச் சொல்லும் அட்டையில் இருக்கும் எழுத்துகளை நேற்று என்னைச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்தீர்களே, அத்தனையும் தப்பு. வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னேன். தூக்கத்தில்கூட ஒப்பித்துக்கொண்டிருந்தீர்கள். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் திருத்தவில்லை. அப்படியே போய் ஒப்பித்தால் முதல் வரியிலேயே டாக்டர் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்.

"முப்பது வருஷமா ஓட்டுறவனுக்கு நீ ரூல்ஸ் சொல்றியாடா?" என்று கேட்டீர்கள். சொல்கிறேன். வாசலில் நின்ற அத்தையை "வாங்க சார்" என்று வரவேற்றவர் பதினெட்டு டன் சரக்கோடு ரோட்டில் போகக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. கூடாது என்று சொல்வது உங்கள் மீசை மட்டும்தான்.

அம்மா வாங்கிவைத்த கண்ணாடி மேசை மேல் இருக்கிறது. லாரிச் சாவியை ஒளித்துவைத்துவிட்டுத்தான் காலேஜுக்குப் போகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

பி.கு.: சாவி இருக்கும் இடத்தை அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா சாயங்காலம்தான் வருவார். படித்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

(சாவி அரிசி டப்பாவில். பார்க்காமலேயே சொல்கிறேன், கண்ணாடி உங்கள் மீசைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.)