கொலுப்படி ஏறிய சாப்பாட்டு வண்டி

மல்லேசுவரம், பெங்களூர்
அக்டோபர் 1934, விஜயதசமிக்கு மறுநாள்

சிரஞ்சீவி அனந்துவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் பாமாவும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதை உன் அம்மா அம்பாளை நம்பித் தெரிந்துகொள்கிறாள், நான் தபால்காரரை நம்பிக் காத்திருக்கிறேன். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உன் அம்மா பாகீரதியோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வரிசையா எழுதுங்கோ, முடிவைத் தூக்கி முன்னாலே போட்டுடாதீங்கோ" என்கிறாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாகவே எழுதுகிறேன், நீயும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே.

நீ லண்டனிலிருந்து அனுப்பிய மரப்பெட்டி நவராத்திரிக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தது. வைக்கோலைப் பிரித்தால் உள்ளே பொம்மை ரயில் சாப்பாட்டு வண்டி, நான் கையைத் தட்டியே விட்டேன், சிரிக்கிறதானால் சிரி. பழஞ்சாமான் சந்தையில் கிடைத்தது, ஜெர்மனியில் நூரம்பர்க் ஊரில் முப்பது வருஷத்துக்கு முன் செய்தது, இப்போது இந்த மாதிரி யாரும் செய்வதில்லை என்று எழுதியிருந்தாயே, அதைத் தகரம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்! பாக்கு நிற வர்ணம், ஓரத்தில் தங்கக் கோடு, ஜன்னலுக்கு ஜன்னல் கண்ணாடி, கூரையைத் தூக்கினால் உள்ளே மேஜை நாற்காலி, மேஜைமேல் குந்துமணி அளவுக்குத் தட்டுகள், நடு மேஜையில் மட்டும் ஒரு பெரிய தட்டு, அதில் பழுப்பு நிறத்தில் உருண்டையாக ஏதோ பட்சணம். கச்சேரி வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கூரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உன் அம்மா, "மீசை நரைச்சவருக்கு விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கான் பாரு உன் அண்ணா" என்று பாமாவிடம் சொன்னாள், ஆனால் அவளும் ஒரு தடவை திறந்து பார்த்தாள்.

நீ எழுதியிருந்த சரித்திரத்தை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். சீமையிலேயே முதலில் ரயிலில் சாப்பாடு கிடையாது, ஸ்டேஷனில் வண்டி சற்று நேரம் நிற்கும், ஜனங்கள் கொதிக்கிற சூப்பை வாயில் ஊற்றிக்கொண்டு ஓடி வந்து ஏறுவார்கள், 1879-இல்தான் லண்டனுக்கும் லீட்ஸுக்கும் நடுவே ஓடும் வண்டிக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள், அப்போதும் பெட்டிக்குப் பெட்டி நடக்க வழி இல்லாததால் சாப்பாட்டு வண்டியில் ஏறினவன் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நம் ஊர் மெயில்களில் இன்றைக்கும் அந்தக் கதைதானே, ஒரு ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பாட்டு வண்டியில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனில்தான் தன் பெட்டிக்குத் திரும்பலாம். நாம் புளியோதரை மூட்டையோடு போகிற ஜாதி, அதற்குள் என்ன நடக்கிறது என்று நமக்கு எங்கே தெரியும்? இந்த அறியாமைதான் பின்னால் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

கொலுவில் வண்டியை வைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்கும் மைசூர் ராஜா ராணிக்கும் நடுவே, இரண்டு தண்டவாளத்துண்டோடு கம்பீரமாக நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் கூரையைத் திறந்து சரித்திரம் சொன்னேன். நடுத்தட்டில் இருப்பது என்ன என்று கேட்டவர்களுக்கு உன் அம்மா, "அவா ஊர்க் கொழுக்கட்டை" என்றாள். பக்கத்து வீட்டுச் சாவித்ரம்மா அதைக் கன்னடத்தில் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

இப்போது நான் உனக்கு இதுவரை எழுதாத ஒன்றை எழுத வேண்டும். பாமாவுக்கு வந்த வரன்கள் ஏன் தட்டிப்போயின என்று நீ கேட்டபோதெல்லாம் ஜாதகம் என்று எழுதினேன். ஜாதகம் இல்லையப்பா. அண்ணன் கடல் தாண்டிப் போனவன், அங்கே என்னத்தைத் தின்கிறானோ, அந்த வீட்டில் சம்பந்தமா என்றுதான் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். நீ மனசு உடைந்து படிப்பை விட்டு வந்துவிடுவாயோ என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்ததுதான் ஹூப்ளி ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருக்கிற வெங்கடசுப்ரமணியன். நல்ல பையன், பாமாவுக்கும் போட்டோவைப் பார்த்தே பிடித்துப்போயிற்று, அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை, போட்டோ மட்டும் அவள் பாடப் புஸ்தகத்துக்குள் போய்விட்டது. ஆனால் பையனின் அம்மா மங்களாம்பாள் மடி ஆசாரத்தில் நெருப்பு என்று கேள்வி. சரஸ்வதி பூஜையன்று கொலு பார்க்கிற சாக்கில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பாமாவோடு காலேஜில் படிக்கிற டோரீன் கொலு பார்க்க வந்தாள், கன்டோன்மென்ட்டில் மாதா கோயில் பக்கத்து வீட்டுப் பெண், தங்கமான பெண். உன் அம்மா கொழுக்கட்டை கதையைச் சொன்னதும் அவள் குனிந்து பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பாமாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாமா, தப்பா நினைக்காதே, இது கொழுக்கட்டை இல்ல, ரோஸ்ட் பண்ண கோழி. கிறிஸ்மஸுக்கு எங்க வீட்ல பண்ணுவோம். பாரு, ரெண்டு காலும் மேல தூக்கிட்டிருக்கு" என்றாளாம். அனந்து, பாமா வந்து அதைச் சொன்ன நிமிஷம் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தினம் சாயங்காலம் சுண்டல் நைவேத்தியம், கற்பூர ஹாரத்தி எல்லாம் அந்தக் கோழிக்கும் சேர்த்தல்லவா நடந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரித்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சாதம் விழுந்திருக்காது. கொலுவில் ஏறின பொம்மையை விஜயதசமிக்கு முன் இறக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும், இறக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. கடைசியில் பாமாதான் கூரையைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டி, "அப்பா, நாளைக்கு இதை யாரும் திறக்கக் கூடாது, முக்கியமா நீங்க" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வந்தார்கள். பாமா பாடினாள், தாம்பூலம் தயார், எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. அப்போது மாப்பிள்ளைப் பையன் வண்டியின் கோடியில் இருக்கிற துருத்தி போன்ற மடிப்பைக் காட்டி, "இது பெட்டிக்குப் பெட்டி நடக்கிற வழிதானே, மாமா?" என்று கேட்டுவிட்டான். ரயில் தெரிந்த ஒருவன் ஒரு கேள்வி கேட்டால் நான் என்ன செய்வேன், சொல்! கொதிக்கிற சூப்பில் ஆரம்பித்தேன், லீட்ஸுக்குப் போனேன், உள்ளே நடக்கிற பாதையைக் காட்டுகிற உற்சாகத்தில் நூலை அறுத்துக் கூரையைத் தூக்கியே விட்டேன். பாமா கண்ணை மூடிக்கொண்டாள். மங்களாம்பாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். ஒரு காலத்தில் ரயில்வே காலனியில் குடியிருந்தவளுக்குச் சொல்லியா தர வேண்டும், "இது கோழிதானே?" என்றாள். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "உங்க பிள்ளை அங்கே இதைத்தான் சாப்பிடறானா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

போயிற்று, மூன்றாவதும் போயிற்று என்று நான் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா உட்காரவில்லை. "எனக்குத் தெரியாது மாமி. ஆனா ஒண்ணு, மறைக்கறவனா இருந்தா தட்டைக் காலி பண்ணிட்டு அனுப்பியிருப்பான். என் பிள்ளை அங்கே இருக்கறதை இருக்கறபடியே அனுப்பியிருக்கான். நாங்கதான் அசடு, அதைக் கொழுக்கட்டைன்னு நினைச்சுக் கும்பிட்டிருக்கோம்" என்றாள். சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

மங்களாம்பாள் திரும்பிப் போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "என் பிள்ளை ஹூப்ளியிலே தனியா இருக்கான். என்னடா சாப்பிட்டேன்னு எப்போ கேட்டாலும் ரசம் சாதம்னே எழுதறான். தீபாவளிக்கும் ரசம் சாதம்தானாம்" என்று சொல்லிப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் தக்காளிப்பழமாகிவிட்டது. முதலில் சிரித்தது யார் தெரியுமா, பாமா! அவள் சிரித்ததும் மங்களாம்பாளும் சிரித்துவிட்டாள், அப்புறம் யார் நிறுத்த முடியும்? கையோடு பாமாவுக்குக் குங்குமம் இட்டுப் பூ வைத்துவிட்டார்கள். தை மாதம் கல்யாணம்! எழுதிவிட்டேன், அப்பாடா!

உனக்குப் பரீட்சை இருப்பதால் வர முடியாது என்று தெரியும். வருத்தப்படாதே, படிப்பை முடி. பாமாவும் மாப்பிள்ளையும் ஹூப்ளிக்குப் போகிற ரயிலில் நிஜச் சாப்பாட்டு வண்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கப் போகிறார்களாம், அதை மங்களாம்பாளுக்குச் சொல்லக் கூடாதாம். பனிக்காலம் வருகிறது, மார்பை மூடிக்கொள், ஈரக் காலுறையோடு இருக்காதே.

இதை முடிக்கப்போகும்போது உன் அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஒன்று சேர்த்து எழுத வேண்டுமாம், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என்ன சாப்பிடறேன்னு எழுத வேண்டாம்னு சொல்லுங்கோ. அதை நான் இனிமே கேட்கமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிடறானான்னு மட்டும் எழுதச் சொல்லுங்கோ." மறக்காமல் எழுது, அனந்து.

நீ தீர்க்காயுசாக, போன காரியம் ஜயமாக இருக்க அம்பாள் துணை.

உன் பிரியமுள்ள அப்பா,
வைத்தீஸ்வரன்