'டா' என்று எழுதிய நான்கு சீட்டுகள்

என் அருமை அக்காவுக்கு,

நீ வேலை பார்க்கும் விடுதியில் விருந்தினரிடம் கேட்டு எனக்கு எழுதியனுப்பிய 'டா'க்களை எல்லாம் சீட்டெழுதி வீடு முழுக்க ஒட்டினேன். பீரோவில் சீன 'டா', பெரியது என்று அர்த்தம். வாசற்கதவில் இத்தாலிய 'டா', அங்கிருந்து இங்கிருந்து என்கிற 'இருந்து'. அப்பாவின் நாற்காலியில் நம் வீட்டு 'டா', 'வாடா போடா'வில் வருவது. ரஷ்ய 'டா'வுக்கு 'ஆமாம்' என்று அர்த்தமெழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

"வீடா இது, நோட்டீஸ் போர்டா?" என்று அப்பா மூன்றைக் கிழித்தார். "இன்னொண்ணு எங்கடி?"

"கண்ணாடியில, உங்க மூஞ்சிக்கு நேராத்தான்பா."

நீ சண்டை போட்டுப் போன பிறகு அப்பாவுக்கு எழுதிய ஒரே கடிதம் பதினேழு நாளாக மேசையில் கிடந்தது. 'வீட்டுக்கு வரட்டுமாப்பா?' என்ற கடைசி வரியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இன்று காலை பார்த்தால் அந்த வரிக்கு நேர் கீழே ரஷ்யச் சீட்டு. கேட்டதற்கு, "கண்ணாடி பாழாகுது, அதான் எடுத்தேன்" என்றார்.

கடிதத்தை அப்படியே இத்துடன் அனுப்புகிறேன். இதுவும் என் வேலைதான் என்று நினைக்காதே. நான் ஒட்டியிருந்தால் கோணலாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் குட்டிச்சாத்தான்