முன்சீட்டுப் பாரம்

2009 மே 3, ஞாயிறு

நேற்று இங்கே கனடாவில், ஸ்காபரோவில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. "அடுத்ததாகப் பைலட் மாமா சாமித்தம்பி படமெடுக்க மேடைக்கு வருவார்" என்று மைக்கில் சொன்னார்கள். நான் பைலட் இல்லை. ஆனாலும் எழும்பிப் போனேன். போகிற வழியில் சனத்துக்குக் கையும் காட்டினேன்.

இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு சின்ன விமானத் திடலில் பெட்டி ஏற்றுவது என் வேலை. ஏரித் தீவு ஒன்றுக்குச் சாமான் கொண்டுபோகிற பழைய பிளேன். வால் பக்கம் பாரம் கூடினால் மூக்கு எழும்பிவிடும் என்பதால் முன்சீட்டில் கனமான ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆளும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த நாட்டில் தகுதி பார்த்துக் கிடைத்த ஒரே வேலை இது.

ஓட்டுவது என் தங்கச்சி இராசமணியின் மகள் தக்ஷிகா. "மாமா, ஒண்டையும் தொடாதேங்கோ. யூ ஆர் கார்கோ" என்பாள், தினமும்.

மே 6, புதன்

இன்றும் தீவுக்குப் போனோம். அங்கே இருப்பதை ஓடுபாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அஜக்ஸில் நாங்கள் இருக்கிற தெரு அதைவிட நீளம். இரண்டு அந்தத்திலும் ஏரி. ஓரத்தில் வெள்ளை அடித்த டயர் ஒன்று கிடக்கிறது. அதற்கு முன்னால் சில்லு நிலத்தில் தொட வேண்டும். தொடவில்லையா — யோசிக்காமல் திரும்ப எழும்பிவிட வேண்டும்.

"ஒரு எஞ்சின் நிண்டாலும் மற்றது கொண்டு போகும், மாமா."

"எங்கை கொண்டு போகும்?"

அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

இருபத்தோராம் திகதி அவளுக்குச் சோதனை. பாஸானால் ஆட்களை ஏற்றலாம், கப்டன் என்று பெயர். பெயிலானாலோ, வராவிட்டாலோ முதலாளி வேறு ஆளை எடுப்பார். மூன்று வருடமாகப் பெட்டிகளோடும் என்னோடும் பறந்தவள். இரண்டில் எது கூடக் கஷ்டம் என்று நான் கேட்கவில்லை.

மே 7, வியாழன்

பக்கத்து வீட்டுத் தில்லையம்பலம், வீடு விற்கிற தரகர், கேட்டார்: "மருமகள் ஓடுறது ஜெட்டோ?"

"இல்லையண்ணை. ரெண்டு பக்கமும் விசிறி."

"ஓ, பங்கா பிளேன். சரி, போயிங் ஓடேக்கை சொல்லுங்கோ."

மே 10, ஞாயிறு

வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி, சனத்தோடு சேர்ந்து நெடுஞ்சாலையை மறித்துப் போய் இருந்தோம். இன்று அன்னையர் தினமாம். பக்கத்தில் இருந்த மனுசி வன்னியில் இருக்கிற மகனின் படத்தை மடியில் வைத்திருந்தா. தில்லையம்பலமும் வந்தார். ஒரு கையில் கொடி. மற்றக் கையால் நாலு பேருக்குத் தன் விசிற்றிங் கார்ட் கொடுத்தார்.

மே 18, திங்கள்

ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம். டிவியில் சொல்லிவிட்டார்கள். ஒருவரும் அழவில்லை, டிவியை நிறுத்தவும் இல்லை.

பொழுது பட வெளியே படபடவென்று வெடி. விக்ரோரியா ராணிக்குப் பிறந்தநாள், இந்த ஊரில் அதற்கு வாணவேடிக்கை. ராணி செத்து நூறு வருடத்துக்கு மேல். எங்கள் சனம் செத்து இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

இராசமணி சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். ஊரில் பிளேன் வந்து குண்டு போட்ட காலத்துப் பழக்கம். சத்தம் கேட்டால் கால் தானாகப் போகும். மகள் பிளேன் ஓடுவதைக்கூட 'அந்த வேலை' என்றுதான் சொல்வாள். ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை.

நானும் கீழே போனேன். துணைக்கு. போனது சுகம், வரத்தான் முடியவில்லை. தக்ஷிகா மேசையைத் தூக்கினாள்.

மே 19, செவ்வாய்

வீடு நிறையச் சனம். தில்லையம்பலம் நடுக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். யார் எங்கே பிழை விட்டது, தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று. பிறகு பார்வை எங்கள் பிள்ளைமேல் விழுந்தது.

"சனம் செத்துக் கிடக்குது. உவ பிளேன் ஓடச் சோதினைக்குப் போறாவாமோ? அதுவும் இந்தக் கிழமை? நாலு பேர் என்ன சொல்லுவினம்?"

நாலு பேரும் தேத்தண்ணியோடு தலையாட்டினார்கள்.

தக்ஷிகா போனை எடுத்தாள். "இட்ஸ் ஓகே, அங்கிள். நான் கான்சல் பண்ணுறன்."

எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. வராமல் போனது இதுதான் முதல் தரம்.

குசினி வாசலில் இருந்து இராசமணி சொன்னாள்: "போனை வை, பிள்ளை. எங்கட தலைக்கு மேலால ஒண்டும் போடாமப் போற பிளேன் ஒண்டையாவது எங்கட பிள்ளை ஓடட்டும்."

பிறகு தில்லையம்பலத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணை, தேத்தண்ணி ஆறுது."

மே 21, வியாழன்

இராசமணி மூன்று தேசிக்காய் தந்துவிட்டாள், பார்த்து எடுத்த நல்ல எலுமிச்சை. புது வேலை தொடங்கினால் சில்லுக்குக் கீழே வைக்க வேண்டுமாம். மூன்று சில்லு, மூன்று தேசிக்காய். வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன்.

சோதிக்க வந்த வெள்ளைக்காரர் பிளேனைச் சுற்றி வந்தார், குனிந்தார், வெகுநேரம் பார்த்தார். சில்லு உருளாமல் முட்டுக் கொடுக்க இது காணாது என்றார்.

"மாமா!"

"அம்மா தந்தது, பிள்ளை."

அவள் என்னை முறைத்துவிட்டு அவரிடம் ஏதோ இங்கிலிசில் சொன்னாள். தேசிக்காயை எடுக்கச் சொல்லவில்லை. ஏறி நசித்துக்கொண்டு போனோம்.

முன்சீட்டில் அவர். அவர் மெலிவு, காணாத பாரத்துக்குப் பிளேனின் மூக்கில் இருக்கிற பெட்டிக்குள் இரண்டு மணல் மூட்டை. நான் பின்னால். என் இடத்தில் ஒரு படித்தவரும் இரண்டு மூட்டையும் தேவைப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தீவில் சரியான பக்கக்காற்று. பிளேன் நண்டு மாதிரிச் சரிந்துகொண்டு இறங்கியது. மரம் போனது, கரை போனது. வெள்ளை டயரும் போனது — சில்லு இன்னும் தொடவில்லை. எஞ்சின் இரண்டும் அலற, திரும்ப மேலே எழும்பினோம்.

அவர் ஏதோ எழுதினார். சரி, முடிந்தது கதை. வீட்டில் என்ன சொல்வது? தேசிக்காய் பழுது என்றா?

ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இந்த முறை டயருக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நின்றுவிட்டது.

முதல் தரம் இறங்கியே தீருவேன் என்று நீ நின்றிருந்தால் அந்த இடத்திலேயே பெயில் போட்டிருப்பேன் என்று சொல்லி வெள்ளைக்காரர் அவளுக்குக் கை கொடுத்தார். சரிவராவிட்டால் எழும்பித் திரும்பி வருவதில் வெட்கமில்லை என்று இவர்கள் சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் நடுக் கதிரைக்காரர்களுக்கு யார் எழுதிக் கொடுப்பது?

கப்டன் தக்ஷிகா. வரும்போது வானத்தில் வைத்து அழுதாள். நான் ஒன்றையும் தொடவில்லை.

ஜூன் 20, சனி

செத்த சனத்துக்கான முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, இராசமணி இன்று தீவுக்கு வந்தாள். எஞ்சின் தொடங்கியபோது என் கையைப் பிடித்தாள், இறங்கும் மட்டும் விடவில்லை. விரல் இன்னும் வீக்கம். இறங்கியதும் சீலையைச் சரிசெய்துகொண்டு, "இவ்வளவுதானோ?" என்றாள்.

பிறகு தாயும் மகளும் பிளேனுக்கு முன்னால் நின்றார்கள். என்னைப் படமெடுக்கச் சொன்னார்கள். இரண்டு விசிறியும் தெரிய வேண்டும் என்று இராசமணி கேட்டாள். இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, அண்ணை, என்றாள். போனேன். இன்னும் கொஞ்சம், என்றாள். போனேன்.

ஓடுபாதை முடிந்தது. தண்ணீர் இடுப்பளவு. கமரா வேலை செய்யவில்லை.